புனல் எங்கே? தெளிவாக யோசிக்கப் பழகுவோருக்கு ஒரு வழிகாட்டி

தெளிவாக யோசிக்கப் பழக ஒரு நாற்பது பக்க நோட்டும் ஒரு பேனாவும் போதும். கூடவே, உங்களுக்கு இப்போது விடை தேவைப்படும் ஒரு கேள்வி வேண்டும். அது பெரிய கேள்வியாக இருக்க வேண்டியதில்லை. 'இந்த ட்யூஷனால்தான் பையனுக்கு மார்க் ஏறியதா?', 'கேன் தண்ணீர் மாற்றியதிலிருந்துதான் வயிறு சரியில்லையா?', 'மோர் தெளித்ததால்தான் மிளகாய்ச் செடி தேறியதா?' இந்த மாதிரி. இவை மூன்றும் உண்மையில் ஒரே கேள்விதான்: இதனால்தான் அது நடந்ததா? நாம் அன்றாடம் தடுமாறுவது பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான்.

மிளகாய்ச் செடி என் வீட்டு மொட்டைமாடியில் இருந்தது. எட்டுத் தொட்டி. ஒரு வருஷம் இலையெல்லாம் சுருண்டு, துளிர் நின்றுபோனது. புளித்த மோரைத் தண்ணீரில் கலந்து தெளிக்கச் சொன்னார் பக்கத்து வீட்டு அக்கா. எட்டுக்கும் தெளித்தேன். இரண்டு வாரத்தில் புதுத் துளிர் வந்தது. அப்புறம் ஒரு வருஷம் முழுக்கப் பார்க்கிறவர்களிடமெல்லாம் மோரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு வாரத்தில் நல்ல மழை பெய்ததை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. என் பேச்சைக் கேட்டு, வேறு மருந்து தேவைப்பட்ட செடிக்கு மோர் தெளித்துவிட்டுக் காத்திருந்தவர்களும் இருந்திருப்பார்கள். ஒரு தவறான முடிவு நம்மோடு நின்றுவிடுவதில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கீழே வரும் படிகளை முக்கியமாக இரண்டு இடங்களிலிருந்து எடுத்திருக்கிறேன். ஒன்று, மணிமேகலையின் 29ஆம் காதை. மற்றொன்று, 1854இல் லண்டனில் ஒரு தெருவைச் சுற்றி நடந்த காலரா விசாரணை. காலத்தாலும் இடத்தாலும் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்பதைப் பார்த்தபோது எனக்கு வியப்பாக இருந்தது.

முதல் படி: உடையக்கூடிய வாக்கியமாக எழுதுங்கள்

காஞ்சியில் அறவண அடிகள் என்ற பௌத்தத் துறவி மணிமேகலைக்கு அறம் சொல்லும் முன் அளவை சொல்லித் தருகிறார். அதாவது, ஒன்றை எப்படி அறிந்துகொள்வது என்பதற்கான முறை. அவர் எடுத்துக்கொள்ளும் உதாரணம் எளியது. இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது 'பக்கம்', நாம் நிறுவ விரும்பும் கூற்று. புகை தெரிகிறதே என்பது 'ஏது', அதற்கான காரணம். அடுக்களையைப் போல என்பது 'திட்டாந்தம்', நமக்குத் தெரிந்த எடுத்துக்காட்டு. அப்புறம் இந்த மலையிலும் புகை இருக்கிறது என்று பொருத்திக் காட்டுவது உபநயம். ஆகவே நெருப்பு உண்டு என்று முடிப்பது நிகமனம்.

இதில் புதியவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது பக்கத்தைத்தான். 'இந்த மலையில் நெருப்பு இருக்கிறது' என்றால் ஏறிப் போய்ப் பார்க்கலாம். இல்லையென்றால் இல்லை என்று தெரிந்துவிடும். 'மலைகளில் ஒருவித வெப்பத் தன்மை உண்டு' என்று சொல்லியிருந்தால் யாரும் எதையும் போய்ப் பார்க்க முடியாது.

1850களில் லண்டன் மருத்துவர்களில் பெரும்பாலோர் காலரா கெட்ட காற்றால் வருகிறது என்று நம்பினார்கள். அழுகல் நாற்றம்தான் நோய். ஒருவருக்கு நோய் வந்தால் கெட்ட காற்றை சுவாசித்துவிட்டார். அதே வீட்டில் இன்னொருவருக்கு வரவில்லையென்றால் அவருக்கு உடல் வலு இருந்தது. என்ன நடந்தாலும் இந்தக் கொள்கைக்குள் அடங்கிவிடும். அதுதான் அதன் கோளாறு.

ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் 1849இலேயே வேறு மாதிரி எழுதினார். அவருடைய அன்றாடத் தொழில் மயக்க மருந்து கொடுப்பது. 1853இல் விக்டோரியா அரசிக்குப் பிரசவத்தின்போது குளோரோஃபாம் கொடுத்தவரும் அவர்தான். வாயுக்களோடு பழகிய கை. சுவாசித்து வரும் நோய் என்றால் முதலில் நுரையீரல் அல்லவா பாதிக்கப்பட வேண்டும், காலரா ஏன் குடலில் தொடங்குகிறது என்று கேட்டார். நோயாளியின் கழிவு கலந்த தண்ணீர் வழியாக, வாய் வழியாக, இந்த நோய் உள்ளே போகிறது என்பது அவருடைய பக்கம். இது உடையக்கூடியது. கழிவு கலக்காத தண்ணீரைக் குடித்தவர்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தால் போதும், ஸ்னோ சொன்னது தப்பு.

உங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் உங்கள் கூற்றை எழுதுங்கள். அதன் கீழேயே 'எது நடந்தால் இது தப்பு என்று ஒத்துக்கொள்வேன்?' என்று எழுதி ஒரு பதில் போடுங்கள். பதில் வரவில்லையென்றால் கூற்றைச் சின்னதாக்குங்கள். 'ட்யூஷன் நல்லது' வேண்டாம். 'இந்த ட்யூஷன் சேர்ந்த பிள்ளைகளுக்கு, சேராத பிள்ளைகளைவிட, அரைப்பரீட்சையிலிருந்து முழுப்பரீட்சைக்குள் கணக்கில் அதிகமாக ஏறியது' என்பது வேலைக்கு ஆகும்.

இரண்டாவது படி: கண்டதையும் கருதியதையும் பிரியுங்கள்

பக்கத்தின் நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் கண்ணால் பார்த்தது, எண்ணியது, அளந்தது மட்டும். வலப்பக்கம் அதிலிருந்து நீங்கள் ஊகித்தது.

சொல்வதற்குச் சுலபம், செய்யும்போது கை தடுமாறும். மணிமேகலை இந்தத் தடுமாற்றத்தையும் விடவில்லை. காரணம் போல் தோன்றி ஏமாற்றுவதை ஏதுப்போலி என்கிறது. அதில் ஒரு வகை: தெரிவது ஆவியா, பனியா என்ற ஐயம் தீராமலே அதைப் புகை என்று கொண்டு, நெருப்பு இருக்கிறது என்று துணிந்துவிடுவது. மலை மேல் வெள்ளையாக ஏதோ தெரிகிறது என்பதுதான் இடப்பக்கத்தில் எழுத வேண்டியது. 'புகை' என்ற சொல்லே வலப்பக்கத்தைச் சேர்ந்தது.

வில்லியம் ஃபார் லண்டனில் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் புள்ளிவிவரங்களைப் பார்த்தவர். உழைப்பாளி, நேர்மையானவர். 1848-49 காலராச் சாவுகளை எடுத்து, ஒவ்வொரு பகுதியும் தேம்ஸ் ஆற்று மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதோடு வைத்துப் பார்த்தார். தாழ்ந்த பகுதிகளில் சாவு அதிகம், மேடு ஏற ஏறக் குறைவு. கணக்கு அச்சாகப் பொருந்தியது. கெட்ட காற்று தாழ்வான இடத்தில்தான் அடர்ந்து தங்கும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

அவருடைய இடப்பக்கத்தில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் தாழ்ந்த பகுதிகளில் இன்னொன்றும் இருந்தது: அங்கே இருந்தவர்கள் பலர் குடித்தது சாக்கடை கலந்த தேம்ஸ் தண்ணீர். உயரமும் காற்றும் தண்ணீரும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே வந்தன. எண்கள் பொருந்துகின்றன என்று சொல்ல ஃபாருக்கு முழு உரிமை இருந்தது. ஏன் பொருந்துகின்றன என்பதற்குத் தனியாக வேலை செய்திருக்க வேண்டும். என் மோரும் மழையும் இப்படி ஒட்டிக்கொண்டு வந்தவைதான்.

மூன்றாவது படி: புனலைத் தேடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அறவண அடிகள் அடுக்களையோடு நிறுத்தவில்லை. அடுக்களையில் நெருப்பும் இருக்கிறது, புகையும் இருக்கிறது. அது ஒத்த உதாரணம். அதோடு எதிர் உதாரணம் ஒன்றையும் கேட்கிறார்: நெருப்பு இல்லாத இடத்தில் புகையும் இருக்கக்கூடாது, புனலைப் போல. புனல் என்றால் இங்கே நீர்நிலை. குளத்தில் நெருப்பு இல்லை, புகையும் இல்லை. நெருப்பே இல்லாத இடத்திலும் புகை வரும் என்றால், அடுக்களை உதாரணம் நூறு இருந்தும் மலையைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

நம் மனசு இயல்பாக அடுக்களைகளைத்தான் சேர்க்கிறது. ட்யூஷன் போய் மார்க் எடுத்த பிள்ளை, இன்னொரு பிள்ளை, மூன்றாவது பிள்ளை. எத்தனை சேர்த்தாலும் அது ஒரு பக்கம்தான். ட்யூஷனே போகாத பிள்ளைகளுக்கு என்ன ஆனது என்று போய்ப் பார்ப்பதுதான் புனல்.

இப்போது லண்டனுக்குப் போவோம். 1854 ஆகஸ்ட் 31 இரவு, சோஹோ பகுதியில் பிராட் தெருவைச் சுற்றிக் காலரா வெடித்தது. பத்து நாளில் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அத்தனையும் சில நூறு அடி தூரத்துக்குள். ஸ்னோவுக்கு பிராட் தெரு அடிபம்பின் மேல் சந்தேகம் வந்தது. பதிவு அலுவலகத்திலிருந்து அந்த வாரச் சாவுகளின் பட்டியலை வாங்கிக்கொண்டு, கடைசி மூன்று நாளில் விழுந்த 83 சாவுகளைப் பற்றி விசாரிக்க வீடு வீடாகப் போனார். கிட்டத்தட்ட எல்லா வீடும் அந்த அடிபம்புக்குப் பக்கத்தில் இருந்தது. வேறு அடிபம்புக்கு அருகில் இருந்தவை பத்தே சாவுகள்.

பக்கத்தில் வசித்தவர்களில் 61 பேர் அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார். இவை அடுக்களைகள். பெரும்பாலானோர் இத்தோடு நோட்டை மூடியிருப்பார்கள். கெட்ட காற்றை நம்புகிறவரும் இதே பட்டியலைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளலாமே! அந்தத் தெருவின் காற்று மோசம் என்றாலும் அங்கேதான் சாவு குவியும்.

ஸ்னோ புனலைத் தேடிப் போனார். பக்கத்தில் ஏழைகள் விடுதி ஒன்று. அதன் மூன்று பக்கமும் சாவு விழுந்த வீடுகள். உள்ளே 535 பேர் இருந்தார்கள், காலராவில் செத்தது ஐந்து பேர். விடுதிக்குள்ளேயே சொந்தக் கிணறு இருந்தது, தெரு அடிபம்புக்கு யாரும் ஆள் அனுப்பவில்லை. பிராட் தெருவிலேயே ஒரு பீர் ஆலை. எழுபதுக்கும் மேற்பட்ட வேலையாட்களில் ஒருவரும் காலராவில் சாகவில்லை. அவர்களுக்கு ஆலையே பீர் கொடுத்தது. அவர்கள் தண்ணீரே குடிப்பதில்லை என்று நினைக்கிறேன் என்றார் முதலாளி. ஆலைக்குள்ளும் தனிக் கிணறு. அதே வட்டாரம், அதே காற்று, அந்தத் தண்ணீர் மட்டும் இல்லை, சாவும் ஏறக்குறைய இல்லை.

அப்புறம் இதைத் திருப்பியும் போட்டுப் பார்த்தார். அந்தக் காற்று இல்லாமல் அந்தத் தண்ணீர் மட்டும் போன இடம் ஏதாவது உண்டா? உண்டு. பல மைல் தள்ளி ஹாம்ஸ்டெட்டில் ஒரு விதவைப் பெண்மணி. பிராட் தெருப் பக்கம் வந்தே பல மாதம் ஆகிறது. ஆனால் அந்த அடிபம்புத் தண்ணீரின் ருசி அவருக்குப் பிடிக்கும் என்பதால், வண்டியில் தினமும் ஒரு பெரிய பாட்டில் அவருக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆகஸ்ட் 31 அன்று எடுத்த தண்ணீரைக் குடித்தார். செப்டம்பர் 2 அன்று காலராவில் இறந்தார். பார்க்க வந்திருந்த உறவுப்பெண்ணும் அதைக் குடித்துவிட்டு இஸ்லிங்டனில் தன் வீட்டுக்குப் போய் இறந்தார். அந்த இரண்டு ஊர்ப்பக்கமும் அப்போது காலரா இல்லை.

அறுபத்தோரு சாவுகளைவிட இந்த ஒரு பாட்டில் எனக்கு அதிகம் சொல்கிறது.

இன்னொன்று. செத்தவர்களில் ஆறு பேர் அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை என்று வீட்டார் சொன்னதையும் ஸ்னோ அப்படியே எழுதி வைத்தார். தன் கட்சிக்கு எதிரான ஆறையும் மறைக்கவில்லை. உங்கள் நோட்டில் 'பொருந்தாதவை' என்று ஒரு பக்கத்தை ஒதுக்குங்கள். அது பல வாரம் காலியாகவே இருந்தால், நீங்கள் இன்னும் தேடத் தொடங்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

செய்யும்போது நான்கு கட்டம் போட்டுக்கொண்டால் எளிது. காரணமும் இருக்கிறது, விளைவும் இருக்கிறது. காரணம் இருக்கிறது, விளைவு இல்லை. காரணம் இல்லை, விளைவு இருக்கிறது. இரண்டும் இல்லை. கேன் தண்ணீர் குடித்த நாளில் வயிறு கெட்டது ஞாபகம் இருக்கும். குடித்தும் ஒன்றும் ஆகாத இருபது நாள் யாருக்கு ஞாபகம் இருக்கும்? அதற்குத்தான் நோட்டு.

நான்காவது படி: எதோடு ஒப்பிட்டு?

புனல் தானாகக் கிடைக்காதபோது நாமே உண்டாக்க வேண்டும். அடுத்த வருஷம் மறுபடி இலை சுருண்டபோது நான்கு தொட்டிக்கு மோர், நான்கு தொட்டிக்கு வெறும் தண்ணீர் தெளித்தேன். எதற்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்தேன். நாமே பொறுக்கினால் நல்ல செடியைத் தெரியாமலே மோர்ப் பக்கம் வைத்துவிடுவோம். மூன்று வாரம் கழித்துப் பார்த்ததில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருந்தன. எட்டே தொட்டியை வைத்து மோர் எங்கேயுமே உதவாது என்று சொல்ல முடியாது. முந்தின வருஷம் நான் ஊரெல்லாம் சொன்னதற்கு ஆதாரம் இல்லை என்று மட்டும் சொல்லலாம்.

ஸ்னோவுக்கு இப்படி ஒரு பரிசோதனையைச் சூழ்நிலையே அமைத்துக் கொடுத்தது. தெற்கு லண்டனில் இரண்டு கம்பெனிகள் ஒரே தெருக்களில் குழாய் போட்டுத் தண்ணீர் விற்றன. ஒரு வீட்டுக்கு சதர்க் அண்ட் வாக்ஸால், அடுத்த வீட்டுக்கு லாம்பெத். பணக்காரர், ஏழை, மேடு, பள்ளம் என்ற வித்தியாசம் எதுவும் இல்லாமல் மூன்று லட்சம் பேர் இப்படிக் கலந்து கிடந்தார்கள். 1852இல் லாம்பெத் மட்டும் தண்ணீர் எடுக்கும் இடத்தை நகரக் கழிவு வந்து சேராத மேல் பகுதிக்கு, தேம்ஸ் டிட்டனுக்கு மாற்றிவிட்டது.

எந்த வீட்டுக்கு எந்தக் கம்பெனி என்பது பல வீட்டுக்காரர்களுக்கே தெரியாது. ஸ்னோ குழாய்த் தண்ணீரில் சில்வர் நைட்ரேட் விட்டு உப்பின் அளவைப் பார்த்துக் கண்டுபிடித்தார். கீழ்ப் பகுதி ஆற்று நீரில் உப்பு மிக அதிகம். 1854 கொள்ளைநோயின் முதல் ஏழு வாரத்தில், பத்தாயிரம் வீட்டுக்கு எத்தனை சாவு என்று கணக்குப் போட்டார். சதர்க் அண்ட் வாக்ஸால் வீடுகளில் 315. லாம்பெத் வீடுகளில் 37.

ஃபார் பார்த்த உயரமும், மற்றவர்கள் சொன்ன காற்றும், வறுமையும் இங்கே இரண்டு பக்கமும் சமமாகக் கிடந்ததால்தான் இந்த இரண்டு எண்ணுக்கும் இவ்வளவு கனம்.

ஐந்தாவது படி: நம்பாதவர் கையில் கொடுங்கள்

இதைத் தள்ளிப்போடாதீர்கள். நமக்குப் பிடித்த முடிவை நாமே சோதித்தால் நம் கண்ணே நமக்கு எதிராக வேலை செய்யும். 1903இல் பிரான்சில் நான்சி பல்கலைக்கழகத்தின் ப்ளாண்ட்லோ என்ற மதிப்புக்குரிய இயற்பியலாளர் புதிய கதிர் ஒன்றைக் கண்டதாக அறிவித்து, ஊரின் பெயரால் அதை என்-கதிர் என்றார். எக்ஸ் கதிர் வந்து எட்டு வருஷம்தான் ஆகியிருந்தது, எல்லாரும் அடுத்ததற்குக் காத்திருந்தார்கள். இருட்டில் மங்கலான ஒளி கொஞ்சம் கூடுகிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்வதுதான் சோதனை. பலர் நாங்களும் பார்த்தோம் என்றார்கள். 1904இல் அமெரிக்காவிலிருந்து ராபர்ட் வுட் நேரில் போனார். இருட்டறையில், கருவிக்குள் இருந்த அலுமினியப் பட்டகத்தை யாருக்கும் தெரியாமல் எடுத்துவிட்டார். அது இல்லாமல் கதிர் பிரிய வழியே இல்லை. ஆனால் எண்களை வாசித்துக்கொண்டே போனார்கள். ப்ளாண்ட்லோ பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையாகவே தெரிந்தது.

அதனால் என் வீட்டில் செடியைப் பார்த்து மதிப்பெண் போடும் வேலையைத் தங்கைக்குக் கொடுத்தேன். எது மோர்த் தொட்டி என்று அவளுக்குச் சொல்லவில்லை.

பிராட் தெரு வட்டாரத்தில் இந்த வேலையைச் செய்தவர் ஹென்றி ஒயிட்ஹெட் என்ற இளம் பாதிரியார். அந்தத் தெருக்காரர்களைப் பெயர் சொல்லித் தெரிந்தவர். அடிபம்புக் கதை தப்பு, முழுதாக விசாரித்தால் உடைந்துவிடும் என்று நம்பித்தான் இறங்கினார். ஒரே வீட்டுக்கு நாலைந்து தடவைகூடப் போய் விசாரித்தார். பிழைத்தவர்களையும் விடாமல் கேட்டார். விசாரிக்க விசாரிக்க அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களையும் குடிக்காதவர்களையும் பிரித்தால் நோய் எந்தப் பக்கம் நிற்கிறது என்று அவருக்கே தெரிந்துபோனது. கடைசியில், பிராட் தெரு 40ஆம் எண் வீட்டில் ஒரு கைக்குழந்தை மற்றவர்களுக்கு முன்பே வயிற்றுப்போக்கில் விழுந்ததையும், அதன் துணியை அலசிய தண்ணீரை அந்த வீட்டு மலக்குழியில் தாய் கொட்டியதையும் கண்டுபிடித்தார். தோண்டிப் பார்த்தபோது அந்தக் குழிக்கும் அடிபம்புக் கிணற்றுக்கும் இடையே சில அடிதான். செங்கல் கட்டு சிதைந்திருந்தது.

உங்கள் முடிவைக் கேட்டதும் "இருக்காதுங்க" என்று சொல்லும் அத்தையோ நண்பரோ இருந்தால் அவர்களிடம் நோட்டைக் கொடுத்து, எங்கே ஓட்டை என்று கேளுங்கள். பதில் சொல்லாமல், சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஆறாவது படி: எவ்வளவு உறுதி என்று எழுதி, கீழே இடம் விடுங்கள்

'நிச்சயம்', 'இல்லவே இல்லை' என்ற இரண்டே சொல்லை வைத்துக்கொண்டு இருக்காதீர்கள். 'பத்துக்கு ஆறு' என்று எழுதுங்கள், தேதி போடுங்கள். மாற்றிக்கொள்ளும்போது பழையதை அடிக்காமல் அடுத்த வரியில் எழுதுங்கள். ஃபார் 1866இல் கிழக்கு லண்டன் காலராவின்போது தண்ணீர்தான் காரணம் என்று தன் எண்களாலேயே காட்டினார். ஸ்னோ அதைப் பார்க்கவில்லை, 1858இல் 45 வயதில் இறந்துவிட்டார்.

செப்டம்பர் 7 மாலை ஸ்னோ வட்டார நிர்வாகிகளிடம் பேசினார். 8ஆம் தேதி அடிபம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். அதனால்தான் கொள்ளைநோய் நின்றது என்று பலரும் சொல்வார்கள். ஸ்னோ அப்படிச் சொல்லவில்லை. மக்கள் ஏற்கெனவே பயந்து ஓடிவிட்டார்கள், நோயும் அதற்கு முன்பே தணிந்துகொண்டிருந்தது, ஆகவே கைப்பிடியைக் கழற்றியதன் பலன் என்ன என்று முடிவுகட்ட முடியாது என்று தன் கைப்படவே எழுதினார். தன் வாழ்நாளின் மிகப் பெரிய வெற்றி என்று உரிமை கொண்டாடியிருக்கலாம். கையிலிருந்த சான்று எவ்வளவு தூரம் போனதோ அவ்வளவு தூரம்தான் போனார்.

அந்த வரிக்குக் கீழே எழுத ஒயிட்ஹெட்டிடம் ஒன்று இருந்தது. 40ஆம் எண் வீட்டுக் குழந்தை செப்டம்பர் 2 அன்று இறந்துவிட்டது. அதன் தகப்பனாருக்குக் காலரா கண்டது 8ஆம் தேதி, கைப்பிடி கழற்றப்பட்ட அதே நாள். அவருடைய கழிவும் அதே குழிக்குத்தான் போயிருக்கும்.